சொன்ன பேச்சு கேட்காத சூரன்... செஞ்சியைக் காப்பாற்றிய தளபதியை டீம் ஏன் கைவிட்டது?

ராட்சத ரோபோ வருகிற படம், தொடர் எதை எடுத்தாலும் அதில் ஒருத்தன் கண்டிப்பாக இருப்பான். பத்து மாடி உயர இரும்பு உருவத்தை அவனைப்போல ஓட்ட வேறு ஆளே கிடையாது. ஆனால், கேப்டன் ‘நில்’ என்றால் ஓடுவான். ‘ஓடு’ என்றால் நின்று முறைப்பான். கூட இருப்பவர்களுக்கு அவன் இல்லாமலும் முடியாது, அவனோடும் முடியாது.

1979-ல் ஜப்பானில் ஒளிபரப்பான ‘மொபைல் சூட் கண்டம்’ அனிமேவின் அமுரோ ரே இந்த ரகம்தான். பதினைந்து வயதுப் பையன். தன்னை ரோபோவிலிருந்து இறக்கிவிடப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும், அந்த ரோபோவையே தூக்கிக்கொண்டு கப்பலை விட்டு ஓடிப்போகிறான். கப்பலின் கேப்டனுக்கும் வயது அதிகமில்லை, பத்தொன்பதுதான். இருவருக்கும் நடுவே நடக்கும் உரசல், வெளியே நடக்கும் சண்டையைவிட சுவாரஸ்யமாக இருக்கும். 2018-ல் வந்த ‘பசிபிக் ரிம்: அப்ரைசிங்’ ஹீரோ ஜேக் இன்னும் ஒருபடி மேல். ரோபோவின் உதிரிபாகங்களைத் திருடி விற்றுப் பிழைப்பவன். அவனைப் பிடித்து வந்து, பழைய கூட்டாளியுடனேயே மறுபடி ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஒரே ரோபோவை இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட வேண்டும், இரண்டு பேரின் மனமும் ஒன்றாக வேண்டும் என்பது அந்தப் படத்தின் விதி. பகையாளி இருவரை ஒரே கேபினில் அடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் கதையே.

சரி, இதற்கும் செஞ்சிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, ‘மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது, நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. ‘தேசிங்கு ராஜா கோட்டை’ என்று நாம் சொல்லிப் பழகிய இடம் எப்படி மராத்தியர் பட்டியலில் வந்தது என்று அப்போது பலர் கேட்டார்கள். அதற்குப் பதில் தேடிப் போனால், சுமார் 330 வருடங்களுக்கு முன்னால் ஓர் அடங்காத தளபதியும் அவரைச் சமாளிக்கத் தெரியாத ஒரு டீமும் கண்ணில் படுகிறார்கள்.

அவர் பெயர் சந்தாஜி கோர்படே.

கோட்டைக்குள் ஓர் இளம் ராஜா

முதலில் பின்னணி. சிவாஜி 1677-ல் செஞ்சியைக் கைப்பற்றினார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் முக்கோணமாக இணைக்கும் மதில்கள். மலைமேலே தானியக் கிடங்கு, வற்றாத சுனை, உச்சிக்குப் போகும் வழியில் ஆழமான பாறைப் பிளவு. அதன்மேல் இருக்கும் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே யாரும் வர முடியாது. தன் ராஜ்ஜியத்துக்கு ஆபத்து வந்தால் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று சிவாஜி போட்ட கணக்கு இது.

அந்த ஆபத்து 1689-ல் வந்தது. சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியைப் பிடித்து ஔரங்கசீப் கொன்றார். ராய்கட் தலைநகரும் விழுந்தது. இளைய மகன் ராஜாராமுக்கு அப்போது 19 வயது. யாத்ரிகர் வேடத்தில் கர்நாடகம் வழியாகத் தப்பி, வழியில் கெளடி ராணி சென்னம்மா கொடுத்த அடைக்கலத்தால் பிழைத்து, அந்த வருடக் கடைசியில் செஞ்சி வந்து சேர்ந்தார். அடுத்த எட்டு வருடங்களுக்கு மராத்திய ராஜ்ஜியத்தின் தலைநகர் நம் செஞ்சிதான்!

பின்னாலேயே துரத்தி வந்தது மொகலாயப் படை. தலைமை, ராய்கட்டைப் பிடித்த அதே சுல்பிகர் கான். 1690 செப்டம்பரில் முற்றுகை ஆரம்பித்தது. கோட்டை விழுந்தது 1698-ன் தொடக்கத்தில். ஏழு வருடங்களுக்கும் மேல்!

மலை உயரம், மதில் கனம் என்று காரணம் சொல்லலாம். அது பாதிதான் உண்மை. இரண்டு பக்கமும் ‘டீம்’ உருப்படியாக இல்லை என்பது மீதிப் பாதி.

யார் இந்த சந்தாஜி?

மராத்தியர் பக்கம் அப்போது இரண்டு நட்சத்திரத் தளபதிகள். ஒருவர் சந்தாஜி கோர்படே, இன்னொருவர் தனாஜி ஜாதவ். (2020-ல் வந்த ‘தான்ஹாஜி’ இந்திப் படத்தின் நாயகன் வேறு. அவர் 1670-லேயே சிங்ககட் சண்டையில் இறந்துவிட்டார்.)

சம்பாஜி கொல்லப்பட்ட அதே 1689-ல், சந்தாஜி ஒரு சின்னக் கூட்டத்தோடு ராத்திரியில் ஔரங்கசீப்பின் பாசறைக்குள்ளேயே புகுந்து, பேரரசரின் கூடார உச்சியிலிருந்த தங்கக் கலசங்களை அறுத்துக்கொண்டு போனதாக மராத்தியர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். உலகின் மிகப் பெரிய படைகளில் ஒன்றை வைத்திருந்தவரின் தலைக்கு மேலிருந்ததைத் திருடிக்கொண்டு போவது என்றால் சும்மாவா? மொகலாயக் குதிரை தண்ணீர் குடிக்க மறுத்தால், ‘என்ன, தண்ணிக்குள்ள சந்தாஜியும் தனாஜியும் தெரியறாங்களா?’ என்று கேட்பார்களாம். இதுவும் அவர்களைப் பற்றிய பிரபலமான கதை.

கதைகளை விட்டுவிடுவோம். பதிவான சண்டைகளே போதும். சந்தாஜியின் பலம் வேகம். மொகலாயப் படை என்பது யானை, பீரங்கி, கூடாரம், கடைத்தெரு, குடும்பம் எல்லாம் சேர்ந்து நகரும் ஓர் ஊர். ஒரு நாளில் அது நகரும் தூரம் கொஞ்சம். சந்தாஜியின் குதிரைப்படையிடம் அந்தச் சுமை எதுவும் இல்லை. தானிய வண்டிகளை மறிப்பார்கள், தண்ணீரை மறிப்பார்கள், பசியில் தளர்ந்த பிறகு மோதுவார்கள். எங்கே எப்போது வருவார் என்று எதிரிக்குத் தெரியாது. பல நேரம் சொந்த ராஜாவுக்கும் தெரியாது. 1691-ல் ராஜாராம் அவரைச் சேனாபதி ஆக்கினார்.

செஞ்சியைக் காப்பாற்றிய டிசம்பர்

1692 டிசம்பர். முற்றுகைக்கு இரண்டு வயது ஆகிவிட்டது. அப்போது சந்தாஜியும் தனாஜியும் சுமார் 30,000 குதிரை வீரர்களோடு தமிழகத்துக்குள் இறங்கினார்கள்.

சந்தாஜி காஞ்சிபுரம் பக்கம் போனார். அங்கே மொகலாயர்களின் பெளஜ்தாராக இருந்த அலி மர்தான் கான், வருவது யார், எத்தனை பேர் என்று தெரியாமல் எதிர்த்து வந்து, படையோடு பிடிபட்டார். பெரிய தொகை கொடுத்துத்தான் மீள முடிந்தது. தனாஜி நேராகச் செஞ்சிக்கே வந்து, முற்றுகையிட்டிருந்தவர்களைச் சுற்றி வளைத்தார். மொகலாயர்களின் வெளிக்காவல் முகாம்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. முற்றுகை போட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள்! கோட்டைக்கு வெளியே மழை, சேறு. பாசறைக்குள் தானியம் இல்லை. டெல்லிப் பேரரசிடமிருந்து கடிதமும் வரவில்லை.

இந்த இடத்தில் எதிர் கேபினையும் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே இன்னும் கூத்து.

மொகலாயப் பாசறையில் மூன்று பெரிய தலைகள். தளபதி சுல்பிகர் கான். அவருடைய அப்பாவும் பேரரசின் வஜீருமான ஆசத் கான். மூன்றாவது, ஔரங்கசீப்பின் கடைசி மகனான இளவரசர் காம் பக்‌ஷ். ‘நான் பேரரசர் மகன், நீங்கள் என் வேலைக்காரர்கள்’ என்பது இளவரசரின் நினைப்பு. ‘போர் தெரியாத பையன்’ என்பது அப்பா, மகன் நினைப்பு. கடிதம் வராததால், ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. அப்படியானால் அடுத்த பேரரசர் யார்? காம் பக்‌ஷ் ரகசியமாகக் கோட்டைக்குள் இருந்த ராஜாராமுடனேயே தொடர்பு வைத்துக்கொண்டார். விஷயம் கசிந்தது. இளவரசர் தங்களைக் கைது செய்யப் போகிறார் என்று பயந்த ஆசத் கானும் சுல்பிகரும் முந்திக்கொண்டு, இளவரசரையே அவருடைய கூடாரத்துக்குள் புகுந்து கைது செய்தார்கள். பேரரசரின் மகனை, பேரரசரின் தளபதியே, எதிரியின் கோட்டை வாசலில் வைத்து!

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிவைத்த ஒருவர் உண்டு. சுல்பிகரின் படையில் இருந்த தல்பத் ராவ் புந்தேலாவிடம் வேலை பார்த்த பீம்சேன் சக்சேனா. பாரசீகத்தில் அவர் எழுதிய நினைவுக்குறிப்பு, செஞ்சி முற்றுகை பற்றி ஆராய்பவர்களுக்கு இன்றும் முக்கிய ஆவணம்.

1693 ஜனவரியில் சுல்பிகர் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். செஞ்சி தப்பித்தது. சந்தாஜியும் தனாஜியும் வராமல் இருந்திருந்தால், கோட்டை அப்போதே விழுந்திருக்கலாம்.

பாராட்டு விழாவுக்குப் பதில் பிரச்னை

வழக்கமாக, கதை இங்கே சுபம் போட வேண்டும். ஆனால், உரசல் இங்கேதான் ஆரம்பம்.

வெற்றிக்குப் பிறகு ராஜாராமுக்கும் சந்தாஜிக்கும் முட்டிக்கொண்டது. 1693-லேயே சந்தாஜி கோபித்துக்கொண்டு மகாராஷ்டிரத்துக்குத் திரும்பிவிட்டார். பிறகு மூத்த அமைச்சர்கள் தலையிட்டுச் சமாதானம் செய்தார்கள். ஆனால் விரிசல் மூடவில்லை.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

சந்தாஜி ஒழுங்கில் கறாரானவர். சிவாஜி காலத்துக் கட்டுப்பாட்டை அப்படியே எதிர்பார்த்தவர். கட்டளை மீறினால் தண்டனை, அதுவும் கொடூரமான தண்டனை. சின்னத் தவறுக்குக்கூட ஆட்களை யானைக் காலில் இடறவைத்தார் என்று எதிர்த்தரப்பு வரலாற்றாசிரியர் காஃபி கானே எழுதியிருக்கிறார். தன் வீரர்களிடம் அவ்வளவு கண்டிப்பாக இருந்தவர், தனக்கு மேலே இருப்பவருக்குப் பணிந்து நடக்க மட்டும் தயாராக இல்லை. ராஜா முகத்துக்கு நேரே பேசிவிடுவார்.

ராஜாராமின் நிலைமையோ பரிதாபம். கையில் பணம் இல்லை. 1690-ல் கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றார். அதுதான் பிறகு செயின்ட் டேவிட் கோட்டை ஆனது. புதுச்சேரி மீதான உரிமையை டச்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் 1693-ல் வந்து பிரெஞ்சுக்காரர்களை வெளியேற்றினார்கள். இப்படி நம் கடற்கரையின் தலையெழுத்தே செஞ்சியின் காலிக் கஜானாவால் மாறிக்கொண்டிருந்தது. சம்பளம் கொடுக்கப் பணமில்லாத ராஜா என்ன செய்வார்? ‘நீ பிடிக்கிற ஊரை நீயே வைத்துக்கொள்’ என்று தளபதிகளுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்தார். அதனால் சண்டை தொடர்ந்தது. ஆனால் ஒவ்வொரு தளபதியும் ஒரு குட்டி ராஜா ஆனார். சம்பளம் தராத முதலாளியின் பேச்சை ஊழியர் எவ்வளவு நாள் கேட்பார்?

இந்த நடுவில் தனாஜி ஜாதவ். அவரும் பெரிய வீரர்தான். ஆனால், இனிமையாகப் பேசுவார், அரசவையில் அனுசரித்துப் போவார், வீரர்களின் தவறைக் கண்டும் காணாமல் விடுவார். ஆகவே ராஜாவுக்கும் பிடித்தது, சிப்பாய்க்கும் பிடித்தது. ஒரே கேபினில் இரண்டு பைலட்டுகள். ஒருவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். இன்னொருவரை எல்லோருக்கும் பிடிக்கும்.

உச்சத்திலிருந்து சரிவு

1695 நவம்பரில் சந்தாஜி தன் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியைப் பெற்றார். கர்நாடகத்தின் சித்ரதுர்கா பக்கம் தொட்டேரி என்ற இடத்தில் காசிம் கானின் மொகலாயப் படையை வளைத்து, ஒரு சின்னக் கோட்டைக்குள் அடைத்துப் பட்டினி போட்டார். காசிம் கான் அங்கேயே இறந்துபோனார். மற்றவர்கள் பெரும் தொகையும் உடைமைகளும் கொடுத்து உயிர் பிழைத்தார்கள். இரண்டு மாதத்தில், 1696 ஜனவரியில், இன்னொரு தளபதி ஹிம்மத் கானும் அவரை எதிர்த்து உயிரிழந்தார்.

அந்தப் புகழோடு செஞ்சிக்கு வந்தார். ‘நான் இல்லாவிட்டால் இந்த சிம்மாசனம் இல்லை’ என்ற எண்ணம் பேச்சில் தெரிந்திருக்க வேண்டும். அரசவையில் மறுபடி மோதல். சேனாபதி பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டுத் தனாஜிக்குப் போனது. 1696-ல் நம் தமிழ் மண்ணிலேயே மராத்தியர்கள் மராத்தியர்களோடு சண்டை போட்டார்கள். ஒரு பக்கம் சந்தாஜி. மறுபக்கம் ராஜாராமும் தனாஜியும்.

சந்தாஜி ஜெயித்தார்! தனாஜி தப்பி ஓடினார். தனாஜி பக்கம் நின்ற அம்ருத்ராவ் நிம்பால்கர் என்ற வீரர் பிடிபட்டார். அவரை யானைக் காலில் இடறவைத்துக் கொன்றார் சந்தாஜி. ராஜாராமும் அவரிடம் சிக்கியதாகவும், மறுநாள் சந்தாஜி தன் கைகளைத் தானே கட்டிக்கொண்டு ராஜா முன்னால் வந்து, ‘நான் என்றும் உங்கள் சேவகன்தான்’ என்கிற மாதிரி பணிந்து நின்றதாகவும் ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, ஆளைச் சரியாகப் பிடித்த கதை. ராஜாவைத் தோற்கடிப்பார், ஆனால் ராஜாவாக ஆசைப்பட மாட்டார். விசுவாசம் இருக்கிறது, பணிவுதான் இல்லை.

ஆனால், அம்ருத்ராவ் கொலையை மன்னிக்க ஒரு குடும்பம் தயாராக இல்லை. அவருடைய சகோதரி, நாகோஜி மானே என்ற தலைவரின் மனைவி. ‘என் அண்ணன் தம்பிக்குப் பதில் சொல்’ என்று அவர் கணவரை விடாமல் துரத்தியதாகச் சொல்கிறார்கள்.

1697-ல் மகாராஷ்டிரப் பக்கம் தனாஜிக்கும் சந்தாஜிக்கும் மறுபடி மோதல். இந்த முறை சந்தாஜியின் சொந்த வீரர்களே கூட்டம் கூட்டமாக விலகித் தனாஜி பக்கம் போய்விட்டார்கள். பல வருடங்கள் அவருடைய தண்டனைக்குப் பயந்து நின்றவர்கள், பயப்படத் தேவையில்லை என்று தெரிந்த அன்றே நகர்ந்துவிட்டார்கள். அதே வருடம் ஜூனில், சதாரா பக்கத்து மலைப்பகுதியில் ஓடை ஒன்றில் களைத்துப்போய்க் குளித்துக்கொண்டிருந்த சந்தாஜியை நாகோஜி மானேயின் ஆட்கள் கொன்றார்கள். தலை ஔரங்கசீப்பிடம் போய்ச் சேர்ந்தது. எத்தனையோ மொகலாயத் தளபதிகளால் முடியாததை ஒரு மராத்தியரே செய்து முடித்தார்.

அடுத்த சில மாதங்களில் சுல்பிகர் கான் கடைசி முறையாகச் செஞ்சி மலைகளை நெருக்கினார். 1698-ன் தொடக்கத்தில் கோட்டை விழுந்தது. ராஜாராம் அதற்குள் வேலூர் வழியாகத் தப்பிப் போய்விட்டார். இந்த முறை வெளியிலிருந்து வந்து முற்றுகையை உடைக்க யாரும் இல்லை.

யார் மேல் தப்பு?

‘மேதைக்கு மரியாதை தெரியாத ராஜா’ என்று ராஜாராமைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். சமூக வலைதளங்களில் சந்தாஜி பற்றிய வீடியோக்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. ஆனால், யானைக் காலில் நசுங்கிய அம்ருத்ராவின் வீட்டிலிருந்து பார்த்தால் கதை வேறு. ‘திறமைசாலி, அப்படித்தான் இருப்பார்’ என்ற சலுகையின் விலையைக் கொடுத்தது அந்தக் குடும்பம்தான்.

நம் ஆபீஸ்களிலும் இந்த வசனம் கேட்கிறதே! ‘அவர் கொஞ்சம் கத்துவார், ஆனா வேலையில புலி.’ யாரைப் பார்த்துக் கத்துகிறார், அவர் கத்தியதால் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பது அந்த வாக்கியத்தில் வராது. வீட்டிலும் உண்டு. எல்லாக் கஷ்டத்திலும் முன்னால் நிற்கிற ஒரு பெரியப்பா, அவருடைய நாக்குக்குப் பயந்து கல்யாணத்துக்குக்கூட அழைக்கத் தயங்குகிற சொந்தங்கள்.

அதேபோல மறுபக்கம். சந்தாஜி முதல்முறை கோபித்துக்கொண்டு போனபோது யாராவது உட்காரவைத்து, எல்லை இது, உரிமை இது என்று தெளிவாகப் பேசினார்களா? அவசரம் வந்தால் கூப்பிடுவது, வேலை முடிந்ததும் ஒதுக்குவது, பதவியைப் பறிப்பது, மறுபடி கொடுப்பது என்றுதான் ஓடியிருக்கிறது. ரோபோ கதைகளில் கேப்டன்கள் செய்கிற அதே தப்பு. இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஒரு பட்டறையே இருக்கும். அதை ஓட்டுகிறவனோடு உட்கார்ந்து பேச ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செஞ்சி விழுந்ததோடு மராத்தியர் கதை முடியவில்லை. ராஜாராம் 1700-ல் முப்பது வயதில் இறந்தார். அவர் மனைவி தாராபாய் சண்டையைத் தொடர்ந்தார். தனாஜியும் பல வருடங்கள் களத்தில் நின்றார். ஔரங்கசீப் 1707-ல் தக்காணத்திலேயே இறந்தார், ஜெயிக்காமலே. ஆக, சந்தாஜி இல்லாமலும் டீம் பிழைத்தது. டீம் இல்லாமல் சந்தாஜிதான் பிழைக்கவில்லை.

அதே கோட்டையில் இன்னொரு குதிரைக்காரன்

செஞ்சி என்றதும் நம் மனதில் வருகிறவர் தேசிங்கு ராஜாதானே? அவரை விட்டுவிட்டு முடித்தால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

செஞ்சி விழுந்த பிறகு புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங் கோட்டைக்குப் பொறுப்பாளர் ஆனார். 1714-ல் அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் பொறுப்பேற்றார். அவர்தான் நம் வாயில் ‘தேசிங்கு’ ஆனவர். டெல்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையைச் சிறு வயதிலேயே அடக்கியவர் என்று கதைப்பாடல் அவரைக் கொண்டாடுகிறது. வேறு யாராலும் ஓட்ட முடியாத இயந்திரம், அதை ஓட்டப் பிறந்த ஒரு பையன். ரோபோ கதையின் அதே தொடக்கம்!

ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான், கப்பப் பாக்கி கேட்டார். இளைஞர் மறுத்தார். சமரசத்துக்கு இடம் கொடுக்கவில்லை. 1714 அக்டோபர் 3-ம் தேதி, சில நூறு பேரோடு நவாபின் பெரும் படையை எதிர்த்து, 22 வயதில் உயிரை விட்டார். பிடிவாதத்தில் சந்தாஜிக்குக் குறைந்தவர் இல்லை. ஆனால், அவர் பக்கத்தில் முகமது கான் என்ற நண்பர் இருந்தார். தன் கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டு நண்பனுக்காகக் களத்துக்கு வந்து அவரும் உயிரை விட்டார் என்கிறது கதை. 1960-ல் வந்த ‘ராஜா தேசிங்கு’ படத்தில் எம்.ஜி.ஆர். நடித்தது இந்தத் தேசிங்காகத்தான்.

தோற்கப் போகிற சண்டைக்குத் தேசிங்குவின் பின்னால் ஒருவர் கல்யாண மேடையிலிருந்து வந்தார். ஜெயித்துக்கொண்டே இருந்த சந்தாஜியின் பின்னால் கடைசியில் யாரும் நிற்கவில்லை. முந்நூறு வருடங்களாகச் செஞ்சி வட்டாரத்தில் பாட்டாகப் பாடப்பட்டது தேசிங்குவின் கதை. இந்த ஊரை ஒரு காலத்தில் காப்பாற்றிய சந்தாஜியின் பெயர் இங்கே அநேகம் பேருக்குத் தெரியாது.

செஞ்சி போகிறீர்களா?

திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில்தான் கோட்டை. பஸ்ஸிலிருந்தே மலைகள் தெரியும். ராஜகிரி ஏறுவதானால் காலையிலேயே தொடங்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் கட்டாயம். கையில் தின்பண்டம் தெரிந்தால் குரங்குகள் உங்களோடு கூட்டணி வைக்கும்.

கீழே கல்யாண மகால், தானியக் களஞ்சியம், ஆனைக்குளம், சாதத்துல்லா கான் பெயரிலான மசூதி எல்லாவற்றையும் பொறுமையாகப் பாருங்கள். தேசிங்குவின் உடல் எரியூட்டப்பட்ட இடம் என்று செட்டிக்குளத்துக் கரையைக் காட்டுவார்கள். முகமது கானின் சமாதி பக்கத்து நீலாம்பூண்டியில் இருக்கிறது என்பார்கள்.

உச்சிக்குப் போகும் வழியில், அந்தப் பாறைப் பிளவின் பாலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வடக்கே வந்தவாசிப் பக்கம் பாருங்கள். 1693 ஜனவரியில் மொகலாயப் படை பின்வாங்கிப் போன திசை அது. அவர்களை அந்தப் பக்கம் விரட்டியவர்களில் ஒருவர், நாலரை வருடம் கழித்து, தன் ஆட்களிடமிருந்தே தப்பி ஓடிக்கொண்டிருந்தார். கூட வந்திருக்கும் பிள்ளைகள் ‘ரோபோ கதை மாதிரி ஏதாவது சொல்லுங்க’ என்று கேட்டால், பாலத்திலேயே உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள். கேப்டன் பேச்சைக் கேட்காதவன் மேல் தப்பா, அவனோடு பேசத் தெரியாத கேப்டன் மேல் தப்பா என்று கீழே இறங்கும்வரை சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். கால் வலி தெரியாது!